நாங்கள் வாங்காமல் விட்ட சின்ன டிராக்டர்

இன்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், சின்ன நிலத்தில் மண் அள்ள எந்த டிராக்டர் வாங்கலாம் என்று கேட்டார். நாங்கள் வாங்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடிந்தது.

தொண்ணூறுகளில் உத்தனப்பள்ளியில் எங்களுக்குச் சரிவான நிலம் இருந்தது. முன்னால் பக்கெட் வைத்த பழைய சின்ன டிராக்டர் ஒன்றைப் பார்க்க நானும் கணவரும் பாகலூர் போனோம். வண்டி முழுக்கத் துருப்பிடித்திருந்தது. ஸ்டீயரிங் மட்டும் புதிது.

"இது மட்டும் ஏன் புதுசு?" என்று கேட்டேன்.

விற்பவர் மண் நிரம்பிய பக்கெட்டை உயரத் தூக்கிக் காட்டினார். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது.

வாசலில் நின்ற அவர் மனைவி கத்தினார். "இறக்குங்க! என் தம்பி இப்படித் தூக்கித்தான் வண்டி கவுந்து செத்தான்."

"பின்னாடி கனம் கட்டுனா கவுறாதுங்க" என்று விற்பவர் எங்களிடம் சொன்னார்.

"அது தெரிஞ்சும் கட்டாமத்தானே அவனை ஏத்தி வுட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

விற்பவர் எஞ்சினை நிறுத்தவே இல்லை. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

பிறகு அந்த வண்டியைப் பாரூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். நல்ல செய்தியாக இருந்தால் மட்டும்.