பெரிய டாக்டர் போட்ட கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் அறுவை சிகிச்சை மேற்பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எலும்பு வைத்தியம் கற்பித்தவர் பெரிய டாக்டர். சீமைக்குப் போய்வந்தவர் என்பதை அவர் மறந்தாலும் மற்றவர்களை மறக்க விடமாட்டார். சாயங்காலம் அவர் பங்களாவில் வகுப்பு. மேஜைமேல் துணி போர்த்தியிருக்கும். அதற்கடியில் கையை விட்டு எலும்பைத் தடவி, எந்த எலும்பு, வலதா இடதா என்று சொல்ல வேண்டும். இந்தக் கண்கட்டு வித்தையில் நான்தான் கெட்டிக்காரன். உயிருள்ள மனிதனின் கையைப் பிடித்துப் பார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியது பயிற்சி முடித்தான் என்று அவர் போட வேண்டிய கையெழுத்து, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் போட்ட கட்டை அவர்தான் அவிழ்க்க வேண்டும். முந்தைய வருடம் ஒருவன் தொட்டுவிட்டான். அவனுக்குக் கையெழுத்துக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னிமலையிலிருந்து ஒரு நெசவாளி வந்தார். மலைப்படியில் சறுக்கி விழுந்து வலது முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. உள்ளூரில் கட்டு வைத்தியர் இருந்தும், கை பழையபடி தறியில் ஓட வேண்டும் என்று எங்களை நம்பி ரயிலேறி வந்த மனிதர். பெரிய டாக்டர் எலும்பைச் சேர்த்து, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, தோட்டத்துரைகளோடு ஆனைமலைப் பக்கம் வேட்டைக்குக் கிளம்பினார். மறுநாள் மாலைதான் திரும்புவார்.

அன்று மத்தியானம் நான் வார்டுக்குள் போனபோது நெசவாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க, வெரலு எரியுதுங்க. தொட்டாத் தெரியலீங்க. உங்களுக்குச் சிரமம் வேண்டாமுங்க, இருக்கற வேலைய முடிச்சுப்போட்டு வந்து பாருங்க."

இத்தனை மரியாதையாகச் சொன்னால் எந்த டாக்டர் பதறுவான்? ஆனாலும் பார்த்தேன். விரல்கள் வீங்கி வெளுத்திருந்தன. ஒரு விரலை நிமிர்த்தியதும் மனிதர் பல்லைக் கடித்தார். இறுகிய கட்டுக்குள் ரத்தம் ஓடாமல் தசை சாகிறது. சில மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் கை போய்விடும். ஒரு ஜெர்மானிய டாக்டர் பெயரால் வழங்கும் இந்தக் கோளாறை அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து 'பேஷ்' வாங்கியிருந்தேன்.

மாவுக்கட்டு வெட்டும் கத்தரி சுவரில் தொங்கியது. மற்ற நால்வரையும் கூட்டிவந்தேன். ஐவரும் கட்டிலைச் சுற்றி நின்று அறிகுறிகளை இங்கிலீஷில் விவாதித்தோம். விவாதம் பிரமாதமாக இருந்தது. பிறகு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டுக் கலைந்தோம். ஐந்து கோழைகள்!

மறுநாள் மாலை பெரிய டாக்டர் திரும்பிவந்து கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அவை பிறகு நிமிரவே இல்லை.

பெரிய டாக்டர் கலங்கவில்லை. இப்படியொரு கை பாடம் நடத்தக் கிடைப்பது அரிது என்று, சில மாதங்கள் கழித்து நெசவாளியைப் பங்களாவுக்கு வரவழைத்தார். "நாட்டு வைத்தியன் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இதுதான் கதி" என்று இங்கிலீஷில் சொன்னார். கூசாமல் சொன்னார். நாங்கள் கூசாமல் நோட்டில் எழுதிக்கொண்டோம். பிறகு என்னைப் பரீட்சை மாணவனாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். கடகடவென்று ஒப்பித்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நெசவாளி வாசலில் நின்றார்.

"கையப் பத்தி என்னமோ சொன்னீங்களே, என்னங்க அது?"

பாராட்டு வாங்கிய திமிரில் தமிழில் விளக்கினேன். எரிச்சல், மரத்துப்போவது, வெளுப்பு எல்லாம் சொல்லி, உடனே கட்டைப் பிரிக்க வேண்டும் என்று முடித்தேன்.

"பிரிச்சிருந்தா நல்லாயிருக்குமுங்களா?"

"பெரும்பாலும்."

"இது இப்பப் படிச்சதுங்களா, அன்னைக்கே தெரியுமுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்றைக்கே தெரியும்" என்றேன்.

அவர் மடங்கிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"உங்களுக்குத் தெரியலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுத்தானுங்க இத்தன நாளா மனசத் தேத்திட்டு இருந்தேன். வாரேனுங்க."

அந்த மாதமே எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது. சென்னையில் நடந்த பரீட்சையில் அதே கேள்வி வந்தது. காரணம் என்ற இடத்தில் நாட்டு வைத்தியர் போட்ட கட்டு என்று எழுதி, முதல் தடவையிலேயே தேறினேன்.