போர்வையின் ஓரம்

போன வாரம் பூந்தமல்லியில் மெட்ரோ தடுப்பில் பைக்கோடு மோதி, கையில் கட்டோடு வீட்டில் கிடக்கும் மகன் ஆன்லைனில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று வாங்கியிருக்கிறான். பிரித்ததும் துவைக்காத துணியின் கஞ்சி வாடை அடித்தது. யாரும் உடுத்திக் கிழிக்காத புதுத் துணியை வேண்டுமென்றே துண்டாக்கித் தைத்துவிட்டு, அதைக் கலை என்று விற்கிறார்கள்.

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த, இப்போது அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடமாகிவிட்ட லைன் வீட்டிலும் எந்நேரமும் இதே வாடைதான். எக்ஸ்போர்ட் கம்பெனி கழித்துப்போட்ட வெட்டுத்துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து, கோடும் கட்டமும் பூவும் ஒன்றோடொன்று சண்டைபோட, பழைய சேலைமேல் வைத்து அம்மா போர்வையாகத் தைத்துக்கொண்டே இருப்பாள்.

"இன்னாம்மா, கம்பெனி குப்பையெல்லாம் ஊட்டுக்குள்ள எத்துகினு வர்றே? கந்தல்கார ஊடுன்னு பேர் வெச்சிடப் போறாங்க!" என்பாள் வீட்டுக்காரம்மா. அவள் வாயும் அந்தத் துணியைப் போலச் சண்டைக்கு நிற்கும்.

அந்த அவலட்சணத்துக்குள் பிள்ளைகள் எல்லோரும் புழுங்கிக் கிடக்க, அதன் ஓரத்தைத் தன் முதுகுக்கடியில் செருகிக்கொண்டுதான் அம்மா படுப்பாள். யார் எழுந்தாலும் போர்வை இழுபட்டு விழித்துவிடுவாள். ஜெயிலில்கூட அவ்வளவு காவல் இருக்காது.

மகனின் கட்டிலில் உட்கார்ந்து, புதுப் போர்வையின் கோணல் தையலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கொஞ்சம் எந்திரிங்க. போர்வை ஓரத்து மேல உக்காந்திருக்கீங்க. திரும்பிப் படுக்க முடியல."

"அப்படியே தூங்குடா" என்றேன். எழுந்திருக்கவில்லை.