பின்தெருவுக்கு ஒரு பதிவுத் தபால்

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு பிரெஞ்சு அம்மையார் இருக்கிறார். தினமும் காலையில் லிப்டில் சந்திப்போம். அவர் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வார், அவருடைய நாய்க்குட்டி தன் பங்குக்கு வாலாட்டும். ஒருநாள் அவரிடமிருந்து எனக்குப் பதிவுத் தபால் வந்தது. என்னவோ ஏதோ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தால், எங்கள் இரண்டு வயது மகள் இனியா மாலை வேளைகளில் வீட்டுக்குள் ஓடுகிறாளாம், அது அவருடைய ஓய்வைப் பாதிக்கிறதாம். மறுநாள் லிப்டில் அதே போன்ழூர், அதே வாலாட்டல். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. இதற்கு இங்கே ரெகொமாந்தே என்று பெயர். பிரான்சில் யாரும் வாசலில் நின்று கத்துவதில்லை. தபால் போடுகிறார்கள். வாயைத் திறந்து சண்டை போட்டால்தான் இவர்களுக்கு அசிங்கம்.

வந்த புதிதில் சிரித்தேன். ஏழு வருடத்தில் நானே அந்தக் கலையில் தேறிவிட்டேன். எங்கள் வீட்டு இண்டர்நெட் கம்பெனி, ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே, "உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் மகிழ்ச்சியில்" கட்டணத்தை உயர்த்துவதாக எழுதியிருந்தது. மகிழ்ச்சி அவர்களுக்கு, பணம் என்னுடையது. ஒப்பந்தத்தின் பிரிவைக் காட்டி ஒரு ரெகொமாந்தே அனுப்பினேன். பதிலுக்கு மன்னிப்பே கேட்டுவிட்டார்கள், பழைய கட்டணமும் திரும்பியது. அந்தக் கடிதத்தை என் மனைவி வசந்திக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

இந்தத் தலைக்கனத்தோடுதான் விடுமுறைக்குப் புதுச்சேரியில் போய் இறங்கினேன். மூன்று பேருக்கு டிக்கெட் எடுக்க வழியில்லாததால் நான் மட்டும். உழவர்கரை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அவருடைய விசா இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது. பேத்தியை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்துக் கம்ப்யூட்டரில் தெரியும் இனியாதான் அவருக்குப் பேத்தி. அன்றைக்கு மட்டும் அம்மா நல்ல புடவை கட்டுவார். நான் அங்கே இருந்த வாரங்களில், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார, அம்மா பக்கத்தில் முக்காலி போட்டுக்கொள்வார். திரையில் என்னைக் கண்டதும் இனியா "அப்பா" என்று கத்திக்கொண்டு மானிட்டரை முத்தமிட வருவாள். எங்களுக்குத் தெரிவதெல்லாம் அவளுடைய மூக்குத்துவாரம்தான். அதற்கே அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்த இணைப்பைக் கொடுத்தவன் மணி. பின்தெருவில் கேபிள் டி.வி. நடத்துகிறவன், கொஞ்ச நாளாக இண்டர்நெட்டும் விற்கிறான். அவனுடைய ஒயர் ஒரு மாமரம், இரண்டு மொட்டைமாடி, ஒரு துணிக்கொடி எல்லாவற்றையும் தாண்டி எங்கள் ஜன்னலுக்குள் நுழையும். "ஓராண்டுக்கு வாடகை மாறாது" என்று ரசீதில் அச்சடித்து முத்திரையும் குத்தித் தந்திருந்தான். ஆறு மாதம்கூட ஆகவில்லை, மொபெட்டில் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணா, அடுத்த மாசத்துலேருந்து நூறு ரூபா ஏறுது. எல்லாருக்கும்தான்."

ஊரில் இருப்பவன் என்றால், "இன்னா மணி, வெளையாடுறியா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வாக்குவாதம் செய்து ஐம்பதில் முடித்திருப்பான். நான் நாகரிகமாகப் புன்னகைத்துவிட்டு உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். இரண்டு பக்கம். நுகர்வோர் நீதிமன்றம் கடைசி வரியில் வந்தது.

தபால் நிலையத்தில் இருந்த பெண்மணி முகவரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உங்க பின்தெருதானே? நடந்து போனாலே குடுத்துடலாமே சார்."

"இல்லைங்க, ஒப்புகை அட்டையோட போவணும்."

"ஏன், செத்த முன்னாடிதான் மணியப் பார்த்தேன், எதிர்ல டீ குடிச்சிக்கினு இருந்தாரு. கூப்புடட்டா?"

வேண்டாம் என்று கெஞ்சி, கடிதத்தை அனுப்பிவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்து இணைப்பு செத்தது. அன்று வெள்ளி. அடுத்த வாரம் எனக்கு விமானம். அம்மா அழவில்லை, திட்டவில்லை. கம்ப்யூட்டரின் மேல் துணியைப் போர்த்தினார்.

"நீ பிளேன் ஏறிப் போயிடுவ. நான்தான் தெனம் அவன் மூஞ்சில முழிக்கணும். அந்த நூறு ரூபாய நான் அன்னிக்கே குடுத்துட்டேன். எனக்குப் புள்ள முகம் தெரியணும்டா, அவ்வளவுதான்."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். மணியின் மனைவி தண்ணீர் கொடுத்தார், டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசம். என் கடிதம் டி.வி. மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"காசு அம்மா குடுத்துட்டாங்க. நான் காசுக்காகப் புடுங்கலண்ணா," என்றான் மணி. "கவர்மெண்டு முத்திரையப் பார்த்துட்டு எங்கப்பா ரெண்டு நாளா சரியா சாப்புடல. கோர்ட்டு கேஸுன்னு நெனச்சிட்டாரு. வூட்டாண்ட வந்து நாலு வார்த்த திட்டியிருந்தா பேசாம வாங்கிக்கினு போயிருப்பேன். போஸ்ட்ல திட்டுறீங்களே!"

"அங்கல்லாம் இது மரியாத மணி," என்றேன். "எங்க கீழ்வூட்டம்மா எனக்கே அனுப்பிச்சாங்க. மறுநாளு சிரிச்சிக்கினே வணக்கம் வைக்கிறாங்க."

"சிரிச்சாங்களா?" அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இன்னா ஊருண்ணா அது!"

மன்னிப்பு கேட்டேன். பிறகுதான் அவன் கதையைச் சொன்னான். அவனுக்கு இணைப்பை மொத்தமாக விற்பது சென்னையில் ஒரு பெரிய கம்பெனி. அதுதான் அவனுடைய ஒப்பந்தத்தின் நடுவிலேயே விலையைக் கூட்டியிருக்கிறது. போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள், யாரும் எடுப்பதில்லை. சொல்லிவிட்டு டி.வி. மேலிருந்த கடிதத்தை எடுத்து வந்தான்.

"அண்ணா, கோச்சிக்காதீங்க. படிச்சதும் நானே பயந்துட்டேன். அதே மாதிரி ஒண்ணு அவனுங்களுக்கு எழுதிக் குடுங்களேன்."

எழுதினோம். என்னுடைய வரிகளையே எடுத்து மணியின் பெயரில் சென்னைக்குத் திருப்பினோம். நீதிமன்றத்தை இந்த முறை முதல் வரியிலேயே வைக்கச் சொன்னான். பாதியில் டீ வந்தது, பிறகு மிக்சர் வந்தது. அவனுடைய அப்பாவும் வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் காரமா எழுதுப்பா," என்றார். இரவுக்குள் ஒயருக்கு உயிர் வந்தது. வாடகை நூறு ரூபாய் ஏறியது ஏறியதுதான். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

நான் திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. சென்னைக் கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. அது வந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்ல, ஞாயிறுதோறும் மணி அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறான். உரிமையோடு, நான் உட்கார்ந்திருந்த அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா சுட்ட வடையைத் தின்றுகொண்டே சென்னைக் கம்பெனியையும் என் பிரெஞ்சுக் கம்பெனியையும் சேர்த்துத் திட்டுகிறான். நான் இங்கிருந்து ஒத்து ஊதுகிறேன். வாரம் முழுக்க வாயை மூடி வைத்திருப்பவனுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் இனியாவுக்கு மணியைப் பிடிக்கவில்லை. நாற்காலியில் அவனைக் கண்டால் முகம் சுளிக்கிறாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு பேசி முடித்து மணி எழுந்து போக, நாற்காலி காலியானது. இனியா என் மடியிலிருந்து இறங்கிப்போய் மானிட்டருக்கு வெகு அருகில் நின்று, நாற்காலியின் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாரடி தேடுற தங்கம்?" என்றார் அம்மா அங்கிருந்து.

"அப்பா," என்றாள்.

அப்பா இங்கே இருக்கிறேன் பார் என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். சரி என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு அந்தக் காலி நாற்காலிக்குக் கையசைத்து, "அப்பா, டாட்டா," என்று சொல்லிவிட்டு வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.