இரங்கல் கூட்டத்தில் நடன இசைத்தட்டு

சாத்தூர் அருகே பட்டாசு ஆலை வெடித்து இறந்த பெண்களுக்கான இரங்கல் கூட்டத்தில் அவரைச் சந்தித்தேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பெரியவர். ஒவ்வோர் இசைத்தட்டையும் சட்டையின் மார்பில் துடைத்த பிறகே சுழலவிடுவார். அந்த வெள்ளைச் சட்டை அங்கே மட்டும் கறுத்திருந்தது.

அன்று சுழன்றது பழைய மேல்நாட்டு நடன இசை. கரகரப்பினூடே டிரம்பெட்டும் சாக்சபோனும் துள்ளின. சிறப்புப் பேச்சாளனாகிய எனக்குச் சினம் மூண்டது.

“இழவுக் கூட்டத்துல டான்ஸ் மியூசிக்கா, ஐயா?”

“புதுசு எம்புட்டோ வந்துருச்சு தம்பி. இங்கன பொண்ணழைப்புன்னா இதத்தான் கேப்பாக. செத்த பிள்ளைக கல்யாணத்துக்கும் இதத்தான் போட்டேன். அந்தா, முன்னால இருக்காகளே பெத்தவுக, அவுகதான் இப்பவும் போடச் சொன்னாக.”

“அப்ப நான் பேச வேண்டாமா?”

“பேசுங்க. போன தடவ வெடிச்சப்பவும் இங்கன நல்லாத்தான் பேசினாக.”

பேசினேன். இனியோர் உயிரும் கருகாது என்று அடுக்குமொழியில் முழங்கினேன். கூட்டம் பொறுமையாகத் தலைகுனிந்திருந்தது. நான் இறங்கியதும் அவர் அதே தட்டைச் சட்டையில் துடைத்து முள்ளை வைத்தார். அதன் பிறகுதான் தாய்மார்கள் அழுதார்கள்.

இன்றும் மேடை ஏறினால், ஒலிபெருக்கிக்காரர் எங்கே நிற்கிறார் என்றே என் கண்கள் முதலில் தேடுகின்றன.