மஞ்சள்காமாலை இல்லை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக அதே வேலை. கீழே நின்று சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் உரசுகிறது என்று சொல்லிவிடுவான். அக்கா என்பதற்காக ஏற்றிச் சொல்லவில்லை. அவன் பொறுப்பில் இருக்கும் பதினாறு கட்டடங்களில் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. அதன் கொக்கியை மாட்டவில்லை. சிறிது நேரம் அப்படியே நின்றவன், இறங்கி வந்து மின்சாரத்தை நிறுத்தினான். மெஷின் அறையைப் பூட்டி, ‘பழுது’ பலகையைத் தொங்கவிட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். நேராக மனநல மருத்துவமனை. அங்கிருந்து போன் வந்து நான் ஓடிப்போனதும், டாக்டரிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னான்.

“கொக்கி மாட்ட மறக்கலைக்கா. மாட்ட வேணாம்னு தோணுச்சு. அதான் பயந்துட்டேன்.”

யாரும் அவனை இழுத்துப் போகவில்லை. தானாகப் போனான். இதை இன்று எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் வைத்துப் பார்த்து, தெளிந்ததும் அனுப்பும் வார்டு அது. பதினான்கு கட்டில்கள். அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஷூ கயிறு, பெல்ட், டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் நர்ஸ் ஒரு பையில் போட்டு, பட்டியல் எழுதி வாசித்துக் காட்டினார். ஒரு ஃபியூஸ் விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன்.

“நீங்க ஆடிட்டரா?” என்றார்.

“இல்ல, இவனுக்கு அக்கா.”

இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாள் சாப்பிட்டான். நான் செய்த தப்பு நான்காம் நாள் வெளிப்பட்டது. அவன் கம்பெனிக்கு மஞ்சள்காமாலை என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். சூப்பர்வைசர் எனக்கு போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி, பசங்க பார்க்க வரணும்கிறாங்க என்று கேட்டார். அதைத் தம்பியிடம் சொன்னதும் எழுந்து துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தான்.

“நாளைக்கே வேலைக்குப் போறேன். சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

“நாலு நாள்ல எவனுக்குடா காமாலை சரியாகுது?”

“நீதானே எழுதின? கொஞ்சம் சின்ன வியாதியா எழுதியிருக்கக் கூடாதா?”

நர்ஸ் வந்து நின்றார். “நீங்களாவே வந்தவர். டாக்டர்கிட்ட பேசிட்டு, எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு எங்க ஏறுவீங்க?”

கையில் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தான். “பன்னிரண்டு மாடி,” என்றான்.

சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, “போன் பேசலாமா?” என்று கேட்டான்.

வார்டு போன் நர்ஸ் மேஜையில் இருந்தது. சூப்பர்வைசரை அழைத்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“அண்ணே, எனக்குக் காமாலை இல்ல. அக்கா பயந்து எழுதிட்டா. மனநல ஆஸ்பத்திரியில இருக்கேன். மேல நிக்கும்போது கொக்கி மாட்டலை. தெரிஞ்சேதான்.”

சூப்பர்வைசருக்குப் பத்து மாடி கேட்கும் குரல். ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

“அடப்பாவி,” என்றார். “நாலு நாளா உன் டீ டம்ளரை ஒதுக்கி வெச்சுட்டு, ஆளாளுக்குக் கண்ணாடியில கண்ணைப் பார்த்துக்கிட்டுத் திரியுறோம்டா!”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே குரல் தணிந்தது.

“டாக்டர் விடுற வரைக்கும் இரு. வந்தாலும் கொஞ்ச நாள் மேல ஏற வேணாம். கீழ ஒர்க்ஷாப்ல சுவிட்ச் பேனல் வேலை மலையா கிடக்கு. பசங்ககிட்ட என்ன சொல்லட்டும்?”

“உள்ளதைச் சொல்லுங்கண்ணே.”

அறைக்குத் திரும்பி, பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான். கடைசிச் சட்டையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நாளைக்கு வரும்போது நகவெட்டி எடுத்துட்டு வா. கையில தர மாட்டாங்களாம், நர்ஸ் முன்னாடிதான் வெட்டிக்கணுமாம். பெரிசா பார்த்து எடு. கால் நகமும் வளர்ந்துடுச்சு.”