ஆறரை மணிச் சிதறல்

குன்னத்துகாலில் கோயில் உற்சவமானாலும் சர்ச் திருவிழாவானாலும் மைக் செட் விஜயதாஸுடையதுதான். அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அடுத்த பஞ்சாயத்தில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு. ஆள் மட்டும் பேசமாட்டார். வயது ஐம்பத்துமூன்று ஆகிறது. சாயாக்கடையில் இன்னொரு சாயா வேண்டுமென்றால் இன்றைக்கும் விரலைத்தான் காட்டுவார். அவர் மனம்விட்டுப் பேசுவது ஒரே இடத்தில்: காலை ஆறரைக்கு, வீட்டிலிருந்தே வானலையில் பேசும் ஹாம் ரேடியோவில்.

உரிமம் எடுத்துப் பதினோரு வருடம். நாகர்கோவில் யோசுவா சார் நடத்தும் காலைக் கூட்டத்துக்கு வானலை வழியே இருபது முப்பது பேர் வருவார்கள். சார் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மழை, மூட்டுவலி, ஆண்டெனா என்று தமிழும் மலையாளமும் கலந்து பேச்சு ஓடும். தன் பெயர் வரும் அந்த நொடிக்காக விஜயதாஸ் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் சொந்தக் கையால் ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். நூறு வாட் சிக்னலை நானூறு வாட்டாக்கி ஆண்டெனாவுக்கு அனுப்புவது. சத்தம் கூடினால் மரியாதை கூடும் என்று நம்பிப் பிழைத்தவர் அவர். முதல் வாரம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல இருக்கிறது என்றார். அதை மனைவி சுகுமாரியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

பிறகு வந்தது புகார்.

"விஜயதாஸே, உனக்க சிக்னல் ரொம்ப அகலமாட்டு இருக்கு," என்றார் யோசுவா சார். "வார்த்தை பொரிஞ்சு பக்கத்து அலைவரிசைக்கெல்லாம் தெறிக்குது. பொழியூர் அகஸ்டின் அங்கதான் பேசுதான். அவனுக்கு ஒண்ணும் கேக்கல்ல."

அகஸ்டின் கடலுக்குப் போனவன். வள்ளத்தில் விழுந்து முதுகு போனபின் கட்டிலோடு கிடக்கிறான். கையில் ஐந்து வாட் செட் ஒன்று. தூத்துக்குடியில் இருக்கும் மச்சினனோடு அதில் பேசுவதுதான் அவனுக்குக் காலை.

ரேடியோவில் ஒரு சங்கடம் உண்டு. பேசுகிறவனுக்குத் தன் சிக்னல் எப்படிப் போகிறது என்று கேட்காது. மற்றவர்கள் சொன்னால்தான் தெரியும். விஜயதாஸ் அதை நம்பவில்லை. மைக் செட் வேலை இல்லாத மத்தியான நேரங்களில் அலையைத் திரையில் வரைந்து காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்பை வைத்துச் சோதித்தார். திரையில் அவர் குரல் உருண்டு ஏறி உருண்டு இறங்கியது. ஒரு குறை சொல்ல முடியாது.

"எனக்க சைடுல ஒரு குறையும் இல்ல சார். கேக்குறவங்களுக்க செட்டு கேடாக்கும்."

இரண்டு தடவை பொறுத்த சார் மூன்றாம் தடவை குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் தெறிச்சா, உனக்க பேரை நான் கூப்பிடமாட்டேன். வருத்தப்படாத மக்கா."

மறுநாள் ஆறு மணிக்கே விஜயதாஸ் ஆண்டெனாவைக் கழற்றினார். வெளியே அலை போகாமல் ஆற்றலை விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடை மாட்டி, ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே திரையைப் பார்த்தார். சுத்தம். ஆறு இருபதுக்கும் சுத்தம். ஆறு இருபத்தைந்துக்கு ட்யூப்லைட் ஒரு கணம் சுணங்கியது. திரையில் அலையின் உச்சிகள், தலை சீவிய இளநீர் மாதிரி, வரிசையாகத் தட்டையாயின.

"சுகுமாரி! மோட்டார் போட்டியா?"

"எல்லா நாளும் போடுற நேரம்தானே. வெள்ளம் வேண்டாமா?"

"நிறுத்து!"

நிறுத்தினாள். உச்சி தட்டையாகவே இருந்தது.

"நான் ஒருத்தி நிறுத்தினா போதுமா? வார்டு முழுக்க மோட்டார் ஓடுது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவாண்டாமா?" சுகுமாரி ஜன்னலைத் திறந்துவிட்டாள். "செவியில கேக்கல்லியா? ஊருக்கே மைக் செட் வைக்கிய ஆளு!"

கேட்டது. வயலுக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது. கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு எல்லா வீடும் ஒரே நேரத்தில் நீரேற்றிக்கொண்டிருந்தது. மின்கம்பி வந்து முடியும் கடைசி வீடு விஜயதாஸுடையது. இருநூற்றுமுப்பது காட்ட வேண்டிய மீட்டரில் நூற்றெழுபது வோல்ட். குரல் உயரும் கணத்தில் ஆம்ப்ளிஃபயருக்குத் தேவையான மின்சாரம் இல்லை. ஏற முடியாத உச்சி தட்டையாகி, அந்த முறிவுதான் இரண்டு பக்கமும் தெறித்து அகஸ்டின் மேல் விழுந்திருக்கிறது. மத்தியானம் யார் மோட்டார் போடுகிறார்கள்? மாதக்கணக்கில் அவர் சோதித்ததெல்லாம் தப்பில்லாத நேரத்தை.

சக்தியைப் பாதியாக்கிப் பார்த்தார். இன்னும் தட்டைதான். மின்வழங்கியை மாற்ற ஒரு வாரமாவது வேண்டும். இருந்தது மூன்று நிமிடம். ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். பேட்டரியில் ஓடும் ரேடியோ செட்டில் ஆண்டெனாவை நேராக மாட்டினார். வெறும் நூறு வாட். சட்டையில்லாமல் ரோட்டில் நிற்பது போலிருந்தது.

சார் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடைவெளி விட்டு, "விஜயதாஸ் உண்டா?"

"உண்டு சார்."

"யாரு அது? இன்னும் ஒருக்க சொல்லணும்."

"விஜயதாஸ் ஆக்கும்."

"எலே, நீயா! சளி பிடிச்சிருக்கா?"

யாரோ சிரித்தார்கள். "இல்ல சார். ஆம்ப்ளிஃபயர நிறுத்தியாச்சு. குற்றம் எனக்கதுதான்."

கூட்டம் முடியப்போகும் நேரத்தில், இரைச்சலுக்கு அடியில் மெலிசாக ஒரு குரல் வந்தது. காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணே, பொழியூர் அகஸ்டினாக்கும். இன்னைக்கு மச்சினன்கிட்ட முழுசாட்டு பேசியாச்சு. இத்தன நாளும் உங்கள நான் நல்ல ஏச்சு ஏசியிருக்கேன், கேட்டேளா?"

விஜயதாஸ் மைக்கை அழுத்தினார். அழுத்தியபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விஜயதாஸே, ஒண்ணும் கேக்கல்ல," என்றார் சார்.

"எனக்குக் கேக்குது சார்," என்றார் அவர். "அகஸ்டின் பேசட்டும்."

கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டு, கதவோரம் நின்ற சுகுமாரியைப் பார்த்தார். "நீ மோட்டாரப் போடு."