பெருமுக்கல்காரியும் கிரேக்கர்களும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புதுச்சேரியில் ஒரு டியூஷன் சென்டரில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். அங்கே அந்த வாய்க்குச் சம்பளம், மரக்காணத்தில் புகுந்த வீட்டில் அதற்கே திட்டு.

அன்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். கிரேக்கர்களைப் பிரெஞ்சில் கிரெக், ஸ்பானிஷில் கிரியேகோ, இத்தாலியனில் கிரேகோ, போர்ச்சுகீசில் கிரேகு என்கிறோமே, அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? எல்லினெஸ் என்றேன். மொழிக்கு எல்லினிகா. அப்புறம் இந்த கிரெக் எங்கிருந்து வந்தது? ரோமானியர்கள் முதலில் பழகியது கிரேக்கர்களிலேயே ஒரு சின்னக் கூட்டத்தோடு, அவர்கள் பெயரையே மொத்த ஜனத்துக்கும் வைத்துவிட்டார்கள் என்பார்கள். லத்தீனுக்குப் பிறந்த மொழிகள் எல்லாம் அதையே இன்னும் கட்டிக்கொண்டு அழுகின்றன. நம் ஆட்கள் மட்டும் ஒழுங்கா என்ன? யவனர் என்பதும் அயோனியா என்ற ஒரு கரைக்காரர்களின் பெயர்தான்.

"புரியலையா? எங்க வீட்டுல ஒரு பெருமுக்கல்காரி இருக்காங்க" என்று ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை அவள் ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நான் பிரம்மதேசத்துக்காரி. என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பெருமுக்கல்காரி. உப்பளத்திலும் அதுதான், டீக்கடையிலும் அதுதான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பு முடிவதற்குள் போன் வந்தது. உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓரகத்தி அக்கா வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் வேன் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவருகிறார்கள். விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலில் உப்பு காய்ந்தபடி அந்தப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்காவுக்கு நினைவு இல்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. பதில் வருதான்னு பாக்கணும்" என்றார் நர்ஸ்.

"ஏ பெருமுக்கல்காரி! பெருமுக்கல்காரி!"

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது ஊருங்க. பேரு இன்னா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எட்டு வருஷமாக ஒரே அடுப்படி. அக்கா, அக்கா என்றே ஓட்டியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் யாரோ சொன்னார்கள், மறந்துவிட்டேன். கிரேக்கர்களின் பெயர் எத்தனை மொழியில் வேண்டும், சொல்கிறேன்! நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். போன் போட்டேன். பெண்டாட்டி பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். "அது வந்தும்மா..." என்று இழுத்தார். "மாமா, சீக்கிரம் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். சொன்னார். அவ்வளவு அழகான பெயர்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. பெயர்தான் எழுப்பியது என்று கதை விட மாட்டேன்; குளுக்கோஸும் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"யாருடி அது, எங்க அம்மா மாதிரியே கூப்புடுறது?"

அழுதுவிட்டேன்.

மறுநாள் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வகுப்பில் அவளை வைத்து அடித்த கூத்தைச் சொன்னேன். சிரித்தாள். "அடி போடி, நான் பெருமுக்கல்லே இல்ல. எங்க ஊரு இன்னும் உள்ள. கல்யாணத்தன்னிக்கு பெருமுக்கல்ல வந்து பஸ் ஏறினோம். இவங்க ஆளுங்க அங்கதான் எங்களை மொதல்ல பாத்தாங்க."

"ஒரு தடவைகூடச் சொல்லலியேக்கா?"

"எவ கேட்டீங்க?"

வீட்டுக்கு வந்த பிறகு, இதை எழுதப்போகிறேன், பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "எழுதறதெல்லாம் வேணாம். கூப்பிடு, போதும்" என்றாள். அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து பெயரோடு அக்காவைச் சேர்த்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பயந்துபோய் ஓடிப் பார்த்தால், கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"காது கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவை கூப்பிடு."